சாத்தணும்... ஆனா பூட்டக்கூடாது!

எங்கள் குத்தாலத்தில் காலையில் வாசல் கதவைத் திறந்தால், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சாத்துவார்கள். நடுவில் சாத்திக் கிடந்தால், ‘என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?’ என்று பக்கத்து வீட்டு மாமி விசாரணைக்கு வந்துவிடுவார்.

இப்படி வளர்ந்தவர்கள் சென்னைக்கு வந்து ஏழாவது மாடி ஆபீஸில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? படிக்கட்டுப் பக்கம் கனமாக ஒரு இரும்புக் கதவு. ‘ஃபயர் டோர். எப்போதும் மூடி வைக்கவும்’ என்று எழுதியிருக்கும். கீழே செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து, எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். டீ கொண்டு வருகிற பையனுக்குச் சிரமமாம்!

எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் அந்தக் கதவைப் பழுது பார்க்க ஒருவர் வந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். மயிலாடுதுறைக்காரர், அப்பா தச்சு வேலை. ‘சார்’ உடனே ‘அண்ணே’ ஆகிவிட்டது.

“ஒரு கதவுக்கா தம்பி ரெண்டு மணி நேரம்?”

“அண்ணே, இதோட உத்தியோகமே ரெண்டு மணி நேரம்தானே!”

அதாவது, 120 நிமிஷம் தீயைத் தாங்கும் என்று சோதனை செய்து சான்று வாங்கிய கதவு அது. கதவு மட்டுமில்லை, நிலை, கீல், பூட்டு, தானாகச் சாத்துகிற டோர் க்ளோசர் எல்லாம் சேர்ந்துதான் அந்த 120. கடைத்தெருவில் கிடைத்த கீலை மாட்டினாலோ, ஒயருக்காக ஒரு ஓட்டை போட்டாலோ கணக்கு காலி. நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கையும் தீ தாங்குகிற பூச்சால்தான் அடைக்க வேண்டும்.

கதவோரத்தில் ஒரு பட்டையைப் பதித்துக்கொண்டே சொன்னார்: “ஐப்பசி மழையில நம்ம ஊர்க் கதவு உப்பிக்கிட்டு அடம் பிடிக்குமே, அது தண்ணிக்கு. இது சூட்டுக்கு உப்பும். உப்பி, இடுக்கை அடைச்சுப் புகையைத் தடுக்கும்ணே.”

புகைதான் முதல் எமன். 2011 டிசம்பர் 9, கொல்கத்தா ஆம்ரி ஆஸ்பத்திரி. பேஸ்மென்ட்டில் பிடித்தது தீ. இறந்த ஏறக்குறைய 90 பேரில் பெரும்பாலோர், மேல் மாடிகளில் புகையில் மூச்சுத் திணறிய நோயாளிகள்.

சரி, பத்திரமாகப் பூட்டியே வைக்கலாமா? அது இன்னும் மோசம். 1997 ஜூன் 13, டெல்லி உபஹார் தியேட்டர். பால்கனியில் கூடுதல் சீட் போட்டு வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் போனார்கள்.

டெல்லி தூரம். கும்பகோணம் எங்களுக்குப் பக்கம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2004 ஜூலை 16-ம் தேதி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். கீற்றுக் கூரை, குறுகலான மாடிப்படி. ஃபயர் டோர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ‘வெளியே போக வழி’ என்றால் என்ன விலை என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் அந்தத் தம்பி செங்கல்லை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார். “வீடு கட்டும்போது உதவும் சார்.”

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் மாடிக் கதவைப் பாதி திறந்து கையை விட்டுப் பாருங்கள். தானாகச் சாத்திக்கொண்டு ‘டக்’கென்று பிடிக்கிறதா? உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால், நிம்மதியாக உட்கார்ந்து மேனேஜரிடம் திட்டு வாங்கலாம். இல்லையென்றால், லீவ் லெட்டருக்கு வைத்திருக்கும் பேப்பரில் முதலில் ஒரு புகார் எழுதுங்கள். லீவுக்கு ‘பாட்டி’யைக் கூப்பிடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!