தண்ணி எங்கே போச்சு?

எங்க அப்பா மினி வேனில் காய்கறி ஏத்தி மார்க்கெட்டுக்குப் போவார். போன மாசம் ரேடியேட்டர் தண்ணி தினமும் குறைஞ்சுகிட்டே வந்தது. ஆனால் வண்டி நிக்கிற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை! "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்" என்று ஒருத்தர் சொல்லிட்டார். அன்னிக்கு ராத்திரி அம்மா தோட்டைக் கழட்டி அப்பா கையில் கொடுத்தாங்க.

அடகுக்கு முன்னாடி பக்கத்து ஊர் மெக்கானிக் தாத்தாவிடம் போனோம். அவர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணி கலந்திருந்தால் ஆயில் பால் காப்பி மாதிரி இருக்குமாம். இல்லை. இன்ஜின் நல்லா ஆறினதும் ரேடியேட்டர் மூடியைக் கழட்டி (சூட்டில் திறந்தால் முகமே வெந்துடும்!) அங்கே ஒரு கைப்பம்பை மாட்டிக் காத்தடிச்சார். வண்டி ஓடும்போது உள்ளே குக்கர் மாதிரி அழுத்தம் ஏறும். அதனால் தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது. சில கசிவு அந்த அழுத்தத்தில்தான் வெளியே தெரியும்.

முள் மெதுவா இறங்கிச்சு. டார்ச் பிடிச்சிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். வாட்டர் பம்புக்கு அடியில் சின்ன ஓட்டை, அதிலிருந்து பச்சையாகக் காய்ஞ்ச கோடு, நுனியில் ஒரு சொட்டு! ஓடும்போது கசிஞ்சதெல்லாம் இன்ஜின் சூட்டிலேயே ஆவியாகியிருக்கு. அந்த ஓட்டையை வேணும்னே வெச்சிருக்காங்களாம். சீல் தேய்ஞ்சால் தண்ணி பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்துடணும், அதுக்குத்தான்.

புது பம்பு மாட்டியாச்சு. தோடு அம்மா காதில் இருக்கு. பழைய பம்பைக் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். அந்த ஓட்டையைப் பார்க்கணும்னா திங்கக்கிழமை மதிய இடைவேளையில் வாங்க, கொண்டு வர்றேன்.