அலை இருந்தது, வழி இல்லை



சென்ற செவ்வாய் மாலை, நம் சபையின் தாயார் ஒருவர் அறுவை சிகிச்சைக்குச் செல்லுமுன் ஜெபிக்கும்படி மருத்துவமனையிலிருந்து காணொளியில் அழைத்தார். செவிலிமேட்டு வீட்டில் மேக் கணினியின் முன் அமர்ந்தேன். இரண்டு வாக்கியங்கள்கூட முடியவில்லை. அவர் முகம் திரையில் உறைந்தது. வைஃபை அலையோ சற்றும் குறையவில்லை. ஆகையால் காத்திருந்தேன். தெருவில் கம்பி அறுந்திருந்ததை அறிந்து, அருகிலேயே கிடந்த கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியபோது, அவரை உள்ளே அழைத்துச் சென்றிருந்தார்கள். இன்று அவர் நலமாயிருக்கிறார். ஆயினும், அவர் தேடிய வேளையில் நான் இல்லை.

கணினியின்மேல் பழி இல்லை. வேறு நிலையத்தைத் தேடுவதற்கு மேக் அலையின் வலிமையையே பார்க்கிறது. அது −75 டிபிஎம் அளவுக்குக் கீழே குன்றினால்தான் தேடும். அப்பொழுதும் அதே பெயருள்ள வலையமைப்புக்குள்ளேயே தேடும். ரவுட்டர் வரை வழி சீராயிருந்தது. அதற்கப்பால் அறுந்ததை அலை காட்டாது.

எனவே சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். மேக்கிலேயே உள்ள 'லாஞ்ச்டி' அதை 30 வினாடிக்கு ஒருமுறை எழுப்பும். நிரல் 'பிங்' கட்டளையால் வெளியுலக முகவரி ஒன்றை மூன்று முறை அழைக்கும். மூன்றுக்கும் மறுமொழி வராவிட்டால், 'நெட்வொர்க்செட்டப்' கட்டளை கணினியை ஹாட்ஸ்பாட்டில் சேர்க்கும். ஒரே முறை தவறியதற்காக மாறினால் கணினி ஓயாமல் தாவிக்கொண்டிருக்கும், ஆகவே மூன்று. வீட்டு இணைப்புக்குத் திரும்பிப் பார்க்கும் வரியும் வேண்டும். இல்லையேல் கைப்பேசியின் டேட்டா தீர்ந்துவிடும். ஹாட்ஸ்பாட்டை முன்னதாகவே திறந்து வைப்பது மட்டும் நம் வேலை.

கோர்வைத் தறியில் மறுபுறம் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ளும் உதவியாளரைக் கண்டிருப்பீர்கள். நெசவாளர் சொல்லுமுன் அவர் கை நீளும். இந்நிரல் எனக்கு அப்படியொரு கை.

பிரியமானவர்களே, ரவுட்டர் வரை இருந்த தொடர்பை முழுத் தொடர்பென்று எண்ணி நான் காத்திருந்தேன். ஞாயிறுதோறும் நாம் அருகருகே அமர்கிறோம், அலை குறைவதில்லை. ஆனால், "எப்படியிருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு உண்மையான மறுமொழி கிடைத்து எத்தனை நாளாயிற்று? இவ்வாரம் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று முறை கேட்டும் மறுமொழி வராவிட்டால், காத்திராதேயுங்கள். வேறு வழியாய், அவர் வீட்டு வாசலுக்கே செல்லுங்கள்.