அடக்கம்

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுங்கை சிப்புட்டிலிருந்து புந்தோங் போனேன். தேவேந்திரபுரத்தில் அத்தை வீடு. வெளியூர்க்காரர்கள் ‘கம்போங் கச்சாங் பூத்தே’ என்று விசாரித்து வருகிற இடம். தெருவில் நுழைந்ததுமே கடலைப்பருப்பு பொரியும் வாசனை. இங்குள்ளவர்களில் பலருடைய முன்னோர் எட்டயபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்கள். தலையில் தட்டைச் சுமந்து, காகிதச் சுருளில் கடலை விற்றார்கள். பிறகு சைக்கிள், அப்புறம் மோட்டார். இன்று கச்சாங் பூத்தே எனும் இந்தக் கடலை நொறுக்கு என்றாலே ஈப்போ புந்தோங்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது.

அத்தை முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டார்: “பாக்கெட் என்ன வெலைக்குக் குடுக்கிறேம்மா?”

“மூணு வெள்ளி அத்தே.”

“அடக்கம் எவ்வளவு?”

மாவு விலையைச் சொன்னேன்.

“மாவு வெலையக் கேக்கல. அடக்கத்தக் கேக்கிறேன்.”

இரண்டு தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து முறுக்கு விற்றிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

இராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு ஈடு என்றால் 200 கிராம் பாக்கெட் முப்பது. அரிசி மாவு 4 கிலோ, 20 வெள்ளி. உளுந்து மாவு ஒரு கிலோ, 14. எண்ணெய் 2 கிலோ இழுக்கிறது, 14. (2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கும் மானிய பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். விற்கிற பலகாரத்துக்கு அதை ஊற்றக்கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.) கேஸ் 4, வெண்ணெய், ஓமம், எள்ளு 6, பாக்கெட்டும் லேபிளும் 12. மொத்தம் 70 வெள்ளி. மூன்று வெள்ளி வீதம் விற்றால் 90. கையில் நிற்பது 20.

அதோடு முடித்துவிடப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. அம்மாவும் நானும் ஆளுக்கு மூன்றரை மணி நேரம் அடுப்படியில் நிற்கிறோம். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஏழு மணி நேரத்துக்கு 61 வெள்ளி. ஆக அடக்கம் 131. ஒரு பாக்கெட்டுக்கு 4 வெள்ளி 37 காசு! இதை நான் மூன்று வெள்ளிக்கு விற்றிருக்கிறேன். அம்மாவுக்கு மணிக்கு மூன்று வெள்ளிகூடத் தேறவில்லை.

ஜூலை 9, புதன்

கணக்கை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தோட்டத்துல இதெல்லாம் கிராணிதானே எழுதுவாரு” என்றார்.

அம்மா வேலை செய்த ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். வெட்டு முடிந்து, மங்கிலிருந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டா போட்டுத் தூக்கி வந்தால், பால் கொட்டாயில் நிறுவை. தோட்டக் கணக்கரான கிராணி பாலுக்குள் மீட்டரை விட்டுப் பார்ப்பார். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மழைத்தண்ணீர் கலந்தால் இன்னும் குறையும். நிறையும் கிராணி எழுதுவார், தரமும் அவரே எழுதுவார், சம்பளமும் அவர் புத்தகப்படிதான். அம்மா இருபத்திரண்டு வருஷம் பால் வெட்டினார். அந்தப் புத்தகத்தை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. எங்கள் சனத்துக்கு உழைப்பு பழக்கம். கணக்கு மட்டும் எப்போதும் இன்னொருவர் கையிலேயே இருந்தது.

அதை மாற்றப் பார்த்தவரும் எங்கள் ஊர்க்காரர்தான். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி, பத்து மாதம் கட்டினால் 100 வெள்ளிப் பங்கு. அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். தாத்தாவும் கட்டினார். எங்கள் தோட்டம் பிற்பாடு செம்பனையாகி, ஒரு பாதி குடியிருப்புத் தாமானும் ஆகிவிட்டது. தாத்தாவின் பங்குச் சீட்டு மட்டும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

ஈப்போ எஸ்.எஸ்.எம். தொழில் பதிவு அலுவலகம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பேரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வைத்தால் 60. ஐந்து ஆண்டுக்கு மொத்தமாகவும் கட்டலாம். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இரண்டு வருஷம் விற்ற பிறகு இன்று போய் நிற்கிறேன். அதை நினைத்து வெட்கமாக இருந்தது. சொந்தப் பேரில் பதிந்தேன். பலகார வேலைக்கு டைபாய்டு ஊசி வேண்டும், உணவு கையாளும் பயிற்சி வேண்டும். வரவு செலவுச் சீட்டுகளை வருமான வரிக்காக ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். சீட்டுகளுக்கு அம்மாவின் தகரப் பெட்டியிலேயே இடம் ஒதுக்கிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

பட்டணத்து மளிகைக் கடை ஒன்றில் ‘வித்தா காசு’ என்ற பேச்சில் இருபது பாக்கெட் வைத்திருந்தேன். இன்று ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசல் வெயிலில் கிடந்து எண்ணெய்க் காறல் அடிக்கிறது. விற்ற பதினொன்றுக்கு அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள். வாய்ப்பேச்சோடு விட்டது என் பிழை. எத்தனை பாக்கெட் வைத்தேன், எத்தனை நாளில் காசு, கெட்டால் யார் பொறுப்பு என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும். அத்தையிடம் போனில் சொன்னேன். “ஒம்பதையும் செலவுல எழுது. அழுதுட்டு எழுதாம விட்றாதே” என்றார்.

எழுதினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாக்கெட் ஐந்து வெள்ளி. பழைய வாடிக்கைக்காரர்களில் நாலு பேர் விலையைக் கேட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்க லைசன்ஸுள்ள அக்கா ஒருவர் பத்து பாக்கெட்டை ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொண்டார். மீதி இருபதும் தாமானிலேயே போயின. முப்பதும் தீர்ந்தன. வரவு 150. பொருள் செலவு 70, கூலி 61, மிச்சம் 19.

கூலியில் பாதியை, 30 வெள்ளி 50 காசு, அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டு வேலைக்குக் கூலியா என்று முதலில் வாங்க மறுத்தார். பிறகு வாங்கி ஒரு தடவை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். நோட்டைக் கேட்டார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த கையெழுத்தில், இன்றைய தேதிக்கு நேராகத் தன் பேரை எழுதி, தொகையையும் அவரே எழுதினார்.