நாடகாசிரியருக்கு ஒரு குழு வேண்டும்

புதிதாக எழுதப்பட்ட நாடகத்தை நடிகர்கள் முதல்முறை வாய்விட்டு வாசிக்கும்போது கூட இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சென்னையில் இந்த வாசிப்புகள் பல நேரம் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில்தான் நடக்கும். விரித்த பாயில் பத்துப் பேர், ஆளுக்கொரு ஜெராக்ஸ் பிரதி.

அண்மையில் வாசித்த நாடகத்தில், அப்பா இறந்த வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சொத்துத் தகராறு. ஓரிடத்தில் தங்கை ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். தாளில் படித்தபோது அழுத்தமாகத்தான் இருந்தது. வாசித்த அம்மா பாதியில் நிறுத்தி, “தம்பி, இவ்வளவு கோவத்துல இருக்கிறவ இத்தனை காரணமா சொல்லிட்டிருப்பா?” என்று கேட்டார். எழுதிய இளைஞர் பதில் சொல்லாமல் வரிவரியாக அடித்துக்கொண்டே வந்தார். மிஞ்சியது, “சாவியக் குடு.” மறுபடி வாசித்தபோது, அண்ணனாக உட்கார்ந்திருந்தவருக்கு அடுத்த வசனம் சட்டென்று வாயில் வரவில்லை. அந்தத் தயக்கத்தை யாரும் எழுதவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்ததால் அது வந்தது.

நாடகம் எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்: எழுதியதைப் பேசிக்காட்ட நடிகர்கள், கேட்டபின் திருத்தி எழுத அவகாசம். போட்டிகளும் பரிசுகளும் நல்லவைதான். ஆனால் அவை எழுதி முடித்த பிறகு வருபவை.

சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். அவருடைய மேதைமையை வியக்கும்போது, அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியில் அவர்தான் வாத்தியார். பாட்டும் வசனமும் எழுதியவரே பையன்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். எந்தப் பையனின் குரல் எவ்வளவு தூரம் எட்டும், எவன் நீண்ட வசனத்தைத் தாங்குவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கம்பெனி நாடகம் மறைந்தபோது, ஆசிரியர் குழுவுக்குள்ளேயே வாழும் அந்த ஏற்பாடும் சேர்ந்து போயிற்று.

அதை வேறு விதத்தில் மீட்டவர்களில் ஒருவர் ந. முத்துசாமி. சிறுபத்திரிகைகளில் கதையும் நாடகமும் எழுதியவர், 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கிருந்து வந்த பசுபதியையும் கலைராணியையும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாடகாசிரியர் தன் மொழியை நடிகர்களின் உடம்பில் பார்த்துப் பார்த்து எழுதிய இடமாகவும் அதை நினைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ 1985-இல் போர்ச்சூழலுக்கு நடுவே மேடையேறி ஊர் ஊராகப் போனது. களப்பயிற்சியும் நடிகர்களும் பார்க்க வரும் சனமும் பக்கத்திலேயே இருந்ததால், அவர் அடுத்தடுத்து எழுதிக்கொண்டே இருக்க முடிந்தது.

இதற்குப் பெரிய பணம் வேண்டும் என்பதில்லை. லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் 1957-இலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் புதிய நாடகங்களைக் காட்சி அமைப்பு எதுவும் இல்லாமல் நடத்திப் பார்த்தார்கள். வந்து குவியும் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இளம் நைஜீரிய நாடகாசிரியர் வோலே சோயிங்கா இருந்தார். 1959-இல் அவருடைய குறுநாடகமும் அப்படியோர் இரவில் அங்கே அரங்கேறியது. செலவு சிறிது என்பதால், தோற்றாலும் எழுதியவர் அடுத்ததை எழுதலாம்.

நம் ஊரிலும் இது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா புதிய நாடகங்களுக்கென்றே நடக்கிறது. விழாத் தேதி குறித்துவிட்டால் எழுதுகிறவருக்குத் தானாக வேகம் வரும். அந்தத் தேதிக்கு முன்னால் இன்னொரு தேதி வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கச்சேரி இல்லாத ஒரு வார நாள் மாலையைச் சபாக்கள் மாதம் ஒருமுறை வாசிப்புக்குத் தரலாம். நடிகர்களுக்கு வந்துபோகும் செலவு, எழுதியவருக்குச் சிறு சன்மானம், கேட்டவர்களோடு அரை மணி நேரப் பேச்சு. பிறகு மூன்று மாதம் கழித்து, திருத்திய பிரதியோடு அதே நடிகர்கள் மறுபடி உட்கார வேண்டும். அந்த இரண்டாம் உட்காரலை விட்டுவிட்டால் முதலாவதால் பெரிய பயன் இல்லை.

பார்வையாளர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. புதிய நாடகம் பலவும் இரண்டு மூன்று காட்சிகளோடு நின்றுவிடுகிறது. முதல் காட்சிக்கு நண்பர்களும் உறவினரும் வந்துவிடுவார்கள். எழுதியவரை அறியாத ஒருவர் எங்கே சிரிக்கிறார், எங்கே நெளிகிறார் என்பது அடுத்த காட்சிகளில்தான் தெரியும். அந்தக் காட்சிகளுக்கு டிக்கெட் எடுத்துப் போய் உட்காருவோம். நாடகாசிரியர் அடுத்த நாடகத்தை எழுத நாம் செய்யும் உதவி அது.