சிறு தடையும் பெரும் ஓட்டமும்

பௌதிகவியல் நூல்களில் மாறுந்தடை என்பது அம்புக்குறி கீறிய ஒரு சிறு சின்னமாகவே காட்சிதருகின்றது. அதன் பெறுமானத்தை வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம் என நூல் கூறும். நாமும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்வோம். ஆயின், ஓர் ஓமிலும் மிகக் குறைந்த தடையொன்றை நுண்மையாக மாற்றவேண்டி நேரும்போதுதான், தாளிலுள்ள தடைக்கும் கையிலுள்ள தடைக்கும் இடைப்பட்ட தூரம் புலனாகும். இதனை எனக்கு உணர்த்தியது ஆய்வுகூடமன்று. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் இருந்த ஒரு சிறு கடையாகும்.

1982இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய காலம் அது. கடைத்தெருவுக்கு மின்சாரம் வந்திருந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகள் பலவற்றிற்கு வரவில்லை. மிளகு விற்ற பணத்தில் வாங்கிய கார் பற்றறியே பல வீடுகளில் வானொலியையும் தொலைக்காட்சியையும் இயக்கியது. அவற்றைத் தோளிலும் சைக்கிளிலும் சுமந்துவந்து மின்னேற்றிச் செல்வர். அங்கு பணிபுரிந்த என் மைத்துனரைக் காணச் செல்லும்போதெல்லாம், வானொலி திருத்தும் முதியவர் ஒருவரின் கடையில் நான் பொழுதுபோக்குவதுண்டு. என்னை 'மல்லி' என்றே அவர் அழைப்பார். வாகன முன்விளக்குக் குமிழ்களைத் தொடுத்து, அவற்றின் ஊடாக மின்னேற்றுவதே அவர் முறை. குமிழொன்றைக் கூட்டினால் ஓட்டம் ஒரேயடியாகத் தாவும். வழங்கழுத்தம் இரவில் ஏறினால் ஓட்டமும் ஏறும். ஓட்டம் மிஞ்சினால் பற்றறியின் அமிலம் கொதித்துத் தகடுகள் பழுதாகும். ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு வீணாகும். ஆகையால், மின்னேற்றம் முடியும்வரை அவர் கடையைவிட்டு அகலமாட்டார்.

ஓட்டத்தைத் தானே நிலைநிறுத்தும் சுற்றொன்றை அமைக்க முனைந்தோம். மின்னேற்ற ஓட்டம் ஒரு சிறு தடையினூடாகச் செல்லும். அதன் முனைகளிடையே 0.6 வோல்ற்று தோன்றியதும் ஒரு சிறிய திரான்சிற்றர் கடத்தத் தொடங்கி, பெரிய திரான்சிற்றரின் ஓட்டம் மேலும் கூடாதவாறு தடுக்கும். 40 அம்பியர்-மணிப் பற்றறிக்கு அதன் பத்திலொரு பங்கான 4 அம்பியர் பொருத்தமானது, அதற்கு 0.15 ஓம் வேண்டும். பற்றறிகள் பல அளவின ஆதலால் 2 முதல் 5 அம்பியர்வரை மாற்றத்தக்கதாக, 0.3 முதல் 0.12 ஓம்வரை மாறும் தடை தேவைப்பட்டது.

அத்தகைய தடை எக்கடையிலும் கிடைக்கவில்லை. கம்பி சுற்றிய மாறுந்தடைகளுள் கிடைத்த மிகச் சிறியது 10 ஓம், 3 உவாற்று வலுவுடையது. அதன் குமிழ் 270 பாகை திரும்பும். எமக்கு வேண்டிய வீச்சு முழுவதும் அதில் ஐந்து பாகைக்குள் அடங்கிவிடும். நூறு சுற்றுடைய கம்பியாயின், ஒரு சுற்றைக் கடப்பதே 0.1 ஓம் மாற்றமாகும். வழுக்குந் தொடுகையின் சொந்தத் தடையும் தூசியாலும் தேய்வாலும் மாறும். இவை யாவற்றிற்கும் மேலாக, அக்கம்பி தாங்குவது ஏறத்தாழ அரை அம்பியரே. எனவே, கிடைக்காததைத் தேடுவதைவிட அதனை வேண்டாததாக்குவதே வழியெனத் தோன்றிற்று.

பெரிய ஓட்டம் செல்லும் பாதையில் மாறாத தடையொன்றை வைத்தோம். பழைய மின்னடுப்பின் அரை மில்லிமீற்றர் நிக்குரோம் கம்பி, மீற்றருக்கு ஏறத்தாழ 5.6 ஓம். இருபத்தொரு சதமமீற்றர் நீளமான நான்கு இழைகளைச் சமாந்தரமாக இணைத்தபோது 0.3 ஓம் கிடைத்தது. நிக்குரோமில் ஈயப்பற்று எளிதில் ஒட்டாதாகையால் முனைகளைத் திருகாணிகளால் இறுக்கினோம். அத்தொடுகைகளின் தடை அளவீட்டில் கலவாதிருக்க, அழுத்தத்தைத் திருகாணிகளுக்கு உட்புறமிருந்து எடுத்தோம். கெல்வின் பிரபு காட்டிய நான்முனை முறை அது. அவ்வழுத்தத்தின் குறுக்கே 100 ஓம் மாறுந்தடையையும் அதன் கீழ் 68 ஓம் நிலைத்த தடையையும் தொடராக இட்டு, வழுக்குந் தொடுகையைச் சிறிய திரான்சிற்றருக்குக் கொடுத்தோம். இப்போது குமிழ் ஏறத்தாழ முழுவதும் திரும்ப, ஓட்டம் 2இலிருந்து 5 அம்பியர்வரை மெல்ல உயர்ந்தது. மாறுந்தடையினூடாகச் சென்றதோ சில மில்லியம்பியர் மட்டுமே. தொடுகை விலகினால் ஓட்டம் கட்டுமீறிவிடுமென்பதால், 0.3 ஓம் தடையின் மேல்முனையிலிருந்து தொடுகைக்கு 1,000 ஓம் தடையொன்றையும் இணைத்தோம். தொடுகை அற்றால் ஓட்டம் தானே குறையும். அன்றுதொட்டு முதியவர், மின்னேற்றம் நடக்கும்போதே வீட்டுக்குச் சென்று உணவருந்திவரலானார்.

இன்று நாட்டின் வீடுகள் ஏறக்குறைய யாவும் மின்சாரம் பெற்றுவிட்டன. மில்லியோம் தடைகள் கடுகளவுச் சில்லுகளாகக் கிடைக்கின்றன. ஒளிகாலும் இருவாயிகளுக்கான சுற்றுகளிலும் இம்முறையே ஆளப்படுகின்றது: ஓட்டம் செல்லும் தடை மாறுவதில்லை, அதன் முனைகளில் தோன்றும் சிற்றழுத்தமே விரியலாக்கியால் பெருக்கி ஒப்புநோக்கப்படுகின்றது. வெள்ளம் பாயும் வாய்க்காலில் கைவைத்து அதனை நுண்மையாகத் திருத்தல் அரிது. அதனை அளந்துகாட்டும் கோலைத் திருத்துதல் எளிது. தேடிய பொருள் கிடைக்காதபோது, அப்பொருள் எதற்காகத் தேவைப்பட்டது என மீண்டும் வினவுவதே பொறியியலின் முதற்படி எனலாம்.