அறுபத்து நான்கு பேரில் ஒருவர்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். கண் மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒரு கணக்கு என்னை விடவே இல்லை.

சங்கர நேத்ராலயாவின் கிளாக்கோமா மருத்துவர் லிங்கம் விஜயாவும் அவருடைய குழுவும் நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வு அது. கிராமப்புற முடிவு 2005-இல் வெளியானது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் 40 வயது கடந்த 3,924 பேரைப் பரிசோதித்தார்கள். 64 பேருக்குத் திறந்த கோண கிளாக்கோமா இருந்தது. அவர்களில் நோய் முன்பே கண்டறியப்பட்டிருந்தவர் ஒரே ஒருவர். இருவருக்கு அந்த நோயாலேயே பார்வை போயிருந்தது. தூரம் மட்டும் காரணமில்லை. சென்னை நகரத்திலும் நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதை அறியாமல்தான் இருந்தார்கள்.

இந்த நோய் வலிக்காது. கண் நரம்பு மெல்ல அழியும். முதலில் பக்கவாட்டுப் பார்வை போகும். எதிரே மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடலாம். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தோ லேசரோ அறுவையோ மிச்சமிருப்பதைத்தான் காக்கும்.

கண்புரை மருத்துவருக்கு மறுநாளே கும்பிடு கிடைக்கும். கிளாக்கோமா மருத்துவரின் வெற்றி, இருபது வருடம் கழித்தும் ஒன்றும் ஆகாமல் இருப்பது. அதற்கு யார் கைதட்டுவார்கள்? இப்படி ஒரு நோய்க்கே ஒருவர் தன் தொழில் வாழ்க்கையைக் கொடுத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைவிட, வருகிறவர்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், வராதவர்களையும் கணக்கில் எடுத்தது.

நம் முகாம்கள் அப்படியில்லை. நான் ஆள் திரட்டிய முகாம்களில் பந்தல் பெரும்பாலும் ஊர்த் தெருவில்தான் இருந்தது. காலனிப் பெண்கள் பலர் வரவில்லை. கூலியை விட்டு, அந்தத் தெருவில் போய் வரிசையில் நிற்க யாருக்கு மனம் வரும்? 'விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த 64 பேரில் காலனியில் எத்தனை பேர், ஊரில் எத்தனை பேர் என்று மேலே சொன்ன எண்களும் சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

தம்பி, தங்கைகளே, மூன்று வேலைகள் இருக்கின்றன. அடுத்த முகாமைக் காலனிக்குள் போடச் சொல்லுங்கள். எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் இந்த நோய் வரலாம். உங்கள் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தால், வருமான வரம்புக்குள் உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவின் பெயரைச் சேருங்கள். குடும்பத்தில் ஒருவருக்குக் கிளாக்கோமா என்றால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொட்டு மருந்து பெரும்பாலும் ஆயுளுக்கும் போட வேண்டியது. போட்டாலும் பார்வை கூடியதாகத் தெரியாது. அதனாலேயே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் அந்தச் சீசா கைக்கு வருவதும் நமக்கு உரிமைப் பிரச்சினைதான்.

ஜெய் பீம்.