கல்யாணமாகி மூணு மாசம்

குழந்தை பெத்துக்கோங்கன்னு இப்போ மேடைகளில் சொல்றாங்க. 2024-ல் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு. 2025 மார்ச்சில் இங்கே முதல்வர் ஸ்டாலின்.

ஸ்டாலின் சொன்ன காரணம் தொகுதி மறுவரையறை. 1971 மக்கள்தொகையை வச்சுத்தான் நமக்கு இன்னைக்கும் 39 எம்.பி. புதுக் கணக்கு எடுத்தால் பிறப்பைக் குறைச்ச மாநிலங்களோட பங்கு குறையும். அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி: பீகார் 3.0, இந்தியா 2.0, தமிழ்நாடு 1.8. மக்கள்தொகை அப்படியே நிற்க 2.1 வேணும்.

சரி, இந்த 1.8-ஐ யார் கொண்டு வந்தது? அதே ஆய்வில், நம் மாநிலத்தில் திருமணமான பெண்கள் 100-ல் சுமார் 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சவங்க. ஆண்கள் 1 சதவீதம்கூட இல்லை (ஆண்களுக்கு அது பத்து, பதினைந்து நிமிட வேலை!).

இப்போ "பெத்துக்கோ" என்பதும் அதே பெண்கள் தலையில்தான் விழுது.

ஓ.பி.யில் அடிக்கடி நடப்பது இது. 21 வயசுப் பொண்ணு, கூடவே மாமியார்.

"கல்யாணமாகி மூணு மாசமாச்சு டாக்டர், இன்னும் விசேஷம் இல்ல. ஏதாச்சும் மாத்திரை குடுங்க."

"பையன் வரலையாம்மா?"

"அவன் எதுக்கு டாக்டர்?"

பொண்ணுக்கு ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 8. முதல்ல சரி பண்ண வேண்டியது அதை. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தசோகை.

மாமியார்களே, மூணு மாசம் தாமதமே இல்லை. கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் நிற்கலைன்னா பரிசோதனைக்கு வாங்க. பெண்ணுக்கு 35 வயசு தாண்டியிருந்தா ஆறு மாசத்திலேயே வாங்க. மாதவிடாய் ஒழுங்கா வரலைன்னா காத்திருக்கவே வேண்டாம். வரும்போது பையனையும் கூட்டிட்டு வாங்க. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் கம்மி. அதை விட்டுட்டு பொண்ணை மட்டும் ஸ்கேன் ஸ்கேனா அலைய விடாதீங்க.

குழந்தை வேணும்னு முடிவு பண்ணவங்க, கரு நிற்பதற்கு ஒரு மாசம் முன்னாடியே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிச்சிடணும். குழந்தையின் முதுகுத்தண்டு கோளாறைப் பெருமளவு தடுக்கும். நிறைய பேர் நாள் தள்ளிப்போன பிறகுதான் கேட்கிறாங்க.

ரெண்டு வருஷம் போகட்டும்னு நினைக்கிறவங்க தயங்காம வந்து கேளுங்க. ஆணுறை, வாராந்திர சாயா மாத்திரை, காப்பர் டி எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். எது யாருக்குப் பொருந்தும்னு நாங்க பார்த்துச் சொல்றோம். "எப்போ பெத்துக்கப் போறீங்க"ன்னு நான் கேட்க மாட்டேன்.